குடத்துக்குள் இருந்த பத்துச் சீட்டுகள்

வேலு,

கல்வெட்டில் பொறிக்கிற மாதிரி "ஸ்வஸ்திஸ்ரீ" என்று ஆரம்பித்து, நாலு வரி என் வீரப் பிரதாபங்களை அடுக்கிவிட்டு, பிறகு மெதுவாக விஷயத்துக்கு வரலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். உத்திரமேரூரில் பிறந்தவனுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் வேறு எவனுக்கு இருக்கிறது. ஆனால் மூன்று நாளாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்பது மறந்துபோகிறது. கடைத்தெருவுக்கும் வீட்டுக்குமாக நான் நடந்த நடையை ஒரே கோடாக நீட்டிப் போட்டிருந்தால், இந்நேரம் காசியைத் தாண்டி நேபாளத்தில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். முதல் நாள் சாயங்காலமே உன் அம்மா பார்த்துவிட்டு, "இன்னா, பேதி மாத்திர எதனா போட்டுக்கினியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மை. காரணம், செவ்வாய்க்கிழமை நீ செய்த போன்.

நீ சொன்னதை அப்படியே திருப்பி எழுதுகிறேன், தவறாகக் கேட்டிருந்தால் திருத்து. யாழினிக்கு ஒன்பது மாதம் முடிகிறது. சங்கீதாவின் பிரசவ விடுப்பும், அதற்குப் பிறகு எடுத்த சம்பளமில்லாத விடுப்பும் இந்த மாதத்தோடு தீர்கின்றன. ஒரகடத்தில் நீ ஒரு தொழிற்சாலை, அவள் இன்னொரு தொழிற்சாலை. டே கேரில் விடலாம் என்றால் அவளுடைய அம்மா தினம் இரண்டு முறை போன் செய்து அழுகிறார். ஆகவே யாராவது ஒருவர் ஒரு வருடம் வேலையை விட வேண்டும். அது யார் என்பதில் ஒன்றரை மாதமாகச் சண்டை. "பேசிப் பேசி எங்களால முடியல நைனா. நீயும் அம்மாவும் பண்ணீங்களே, அதே மாதிரி குடவோலை போட்டுடலாம். யார் பேரு வருதோ அவங்க வூட்ல இருக்கட்டும். சங்கீதாவும் சரின்னுட்டா. உங்க கதைய கேட்டுதான் சரின்னா. ஞாயித்துக்கெழம குடத்த எடுத்துக்கினு வந்துரு. சீட்டையும் நீயே எழுதிக்கினு வந்துரு." அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது உன் குரலில் லேசாக ஒரு சிரிப்பு இருந்தது. அது எந்த வகைச் சிரிப்பு என்று கண்டுபிடிக்கத்தான் நான் நேபாளம் வரை நடந்தேன்.

உன் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து நான் பேசியதை நீ மறந்திருக்க மாட்டாய். இரண்டாம் பந்தி எழுந்து, இலை எடுத்து, மூன்றாம் பந்தி உட்கார்ந்து, பாயசம் வரும்வரை பேசினேன். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் உலகத்துக்கே தேர்தல் என்றால் என்னவென்று காட்டிய ஊர் எங்கள் ஊர் என்றேன். மற்ற தேசத்து ராஜாக்கள் ஒருவர் தலையை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், நாங்கள் ஓலையில் பேரெழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரியம், தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரியம் என்று ஆள் எடுத்துக்கொண்டிருந்தோம் என்றேன். "அந்த முறையை வீட்டுக்குள்ளே கொண்டுவந்த ஒரே குடும்பம் பூலோகத்தில் என் குடும்பம்தான். மகனைப் பார்த்துக்கொள்ள யார் வேலையை விடுவது என்பதை நானும் என் மனைவியும் குடவோலை போட்டு முடிவு செய்தோம். அவள் பெயர் வந்தது. இருவரும் தலைவணங்கினோம்." கைதட்டலில் பந்தல் ஒரு சாண் மேலே எழும்பி இறங்கியது. சங்கீதாவின் சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கழுத்தில் மாலையோடு சங்கீதா திரும்பி உன்னை ஒரு பார்வை பார்த்தாள். நியாயமான வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்கிற பார்வை. அந்தப் பார்வையை வைத்துத்தான் அவள் இப்போது ஞாயிற்றுக்கிழமைக்குச் சரி என்றிருக்கிறாள். மைக்கில் சொன்னதை மூடிய உறைக்குள் வைத்துத் திரும்ப வாங்க முடியாது. அதனால் இதைத் திறந்த கடிதமாகவே எழுதுகிறேன். நீங்கள் படித்த பிறகு மூன்று பந்தியில் சாப்பிட்ட அத்தனை பேரும் படிக்கட்டும்.

நடந்தது இதுதான். உனக்கு அப்போது எட்டு மாதம். நான் வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் சூப்பர்வைசர். உன் அம்மா கஸ்தூரி, பஜாரில் ஒரு டாக்டருடைய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீசியன். செய்யாறு முதல் செங்கல்பட்டு வரை அவள் கண் படாத ரத்தமில்லை என்று நான் சொல்வேன், அவள் கேட்டால் அடிப்பாள். விரலில் ஒரு குத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு. மைக்ராஸ்கோப்பில் குனிந்து நிமிர்வதற்குள் அது மலேரியாவா, வெறும் காய்ச்சலா என்று டாக்டருக்கு முன் அவளுக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கும் எதிரே வருகிறவளின் நகத்தைப் பார்த்துவிட்டு, "ரத்தம் கம்மியா கீது, முருங்கக்கீர துன்னு" என்கிறாளே, அது அந்தக் கண். என் சம்பளமும் அவள் சம்பளமும் கிட்டத்தட்ட ஒன்று. கிட்டத்தட்ட என்று நான் எழுதுவதற்குக் காரணம், அவளுடையது கொஞ்சம் கூட. உன்னைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா மகளோடு இருக்கப் போய்விட்டார். எங்கள் இரண்டு பேர் பக்கத்திலும் வந்து தங்கக்கூடிய ஆள் யாரும் இல்லை. அவள்தான் முதலில் வழி சொன்னாள். "ஒரு வருஷம் நீ பாரு, அடுத்த வருஷம் நான் பாக்கறேன். மில்லுல லீவு கேளு." மில் ஆபீசில் போய், பிள்ளை வளர்க்க ஒரு வருடம் லீவு வேண்டும் என்று நான் கேட்டால், அடுக்கி வைத்திருக்கும் அத்தனை நெல் மூட்டையும் வாய் பிளந்து சிரிக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை. "எதுக்கு வாக்குவாதம், நம்ம ஊர் முறை கீதே, குடவோலை" என்றேன். சொன்ன மாத்திரத்தில் நான் சோழ ராஜாவாகிவிட்டேன். தலையில் கிரீடம் கனத்தது.

எதிர்வீட்டுத் தையல்காரர் துரைசாமியைச் சாட்சிக்கு அழைத்தேன். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கிக் கூடத்தில் நடுவாக வைத்தேன். ஓலைக்குப் பதிலாகக் காலண்டர் தாளைக் கிழித்துப் பத்துச் சீட்டு. "அஞ்சு உம் பேரு, அஞ்சு எம் பேரு" என்று ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன். அவள் உன்னைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "யோவ், புள்ள பாத்துக்கறதுக்கு எலக்சன் வெச்ச மொத ஆளு நீதான்யா. டெபாசிட்டு எவ்ளோ கட்டணும்?" என்றார் துரைசாமி. குலுக்கினேன். அவளையே எடுக்கச் சொன்னேன். எடுத்தாள், பிரித்தாள், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எம் பேரு தான்" என்றாள். உன்னைத் தூக்கிக்கொண்டு அப்படியே உள்ளே போனாள். மிச்சம் ஒன்பது சீட்டையும் நான் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டு வந்தேன்.

பத்துச் சீட்டிலும் கஸ்தூரி என்றுதான் எழுதியிருந்தேன், வேலு.

அந்தக் காலம் அப்படி என்று ஒரு வாக்கியம் இந்த இடத்தில் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். காலம் வந்து என் கையைப் பிடித்து எழுதவில்லை. மில் வாசலில் டீ குடிக்கிற நாலு பேர் சிரிப்பார்கள் என்பதற்காகச் செய்தேன். அந்த நாலு பேரில் இரண்டு பேருடைய பெயர் இப்போது எனக்கு நினைவில்லை. இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. கோயில் சுவரில் உள்ளபடி குடவோலை ஒரு வருடத்துக்குத்தான். வருடம் முடிந்தால் மறுபடியும் குடம். ஒரு தடவை வாரியத்தில் இருந்தவர் அடுத்த மூன்று வருடம் நிற்கவே கூடாது. வெளியூரிலிருந்து வருகிறவர்களைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இதையெல்லாம் விளக்குகிறவன் நான்தான், உனக்கே தெரியும். வருடம் திரும்பியதும் அவள், "இன்னா, இந்த வருஷம் குடம் எடுக்கலியா?" என்று கேட்டாள். "உறுப்பினர்கள் வருகைக் குறைவால் சபை ஒத்திவைக்கப்பட்டது" என்றேன். சிரித்தாள். அடுத்த வருடம் அவள் கேட்கவில்லை. நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிறகு, அவளாகவே ஒருநாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு அந்த டாக்டரிடம் போனாள். அங்கே ஒரு மிஷின் வந்திருந்தது. ரத்தம் பிடித்த குழாயை உள்ளே வைத்தால் மறுபக்கம் தாளில் எல்லாம் அச்சாகி வருமாம். அதன் எதிரே ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாளாம். "டிரெய்னிங் இருந்தாதான் தொடலாமாம்" என்று மட்டும் வந்து சொன்னாள். அன்று வீட்டில் இருந்த அத்தனை போர்வையையும் நனைத்துத் துவைத்தாள். நான் கொடி கட்டிக் கொடுத்தேன். அதுதான் நான் செய்த உதவி.

நீ உன் போனில் எனக்கு ஒரு எக்செல் காட்டினாயே, அதில் "குழந்தையின் அம்மா வீட்டில் இருந்தால்" என்று ஒரு கட்டம் வைத்து, செலவு பூஜ்யம் என்று போட்டிருந்தாய். அந்தப் பூஜ்யத்துக்குள் நான் பதினொரு நாள் குடியிருந்திருக்கிறேன். நீ கல்லூரி விடுதியில் இருந்தபோது, உன் பெரியம்மாவுக்கு ஆபரேஷன் என்று கஸ்தூரி செங்கல்பட்டு போயிருந்தாள். வீட்டை நான் நிர்வகிக்கிறேன், கவலைப்படாதே என்று தாம்பரம் வரை கேட்கிற மாதிரி அறிவித்து அனுப்பினேன். இரண்டாம் நாள் இட்லி மாவைச் சின்னப் பாத்திரத்தில் ஊற்றி வைத்துவிட்டேன். பாலாற்றில் பல வருடமாக வராத வெள்ளம் எங்கள் சமையலறையில் வந்தது. அலமாரி, அரிசி டின், கேஸ் அடுப்பு எல்லாம் தாழ்வான பகுதிகள். அதைத் துடைத்துவிடலாம், துடைத்தேன். துடைக்க முடியாதது வேறு. பால்காரர் நாளைக்கு வரமாட்டார், புளி தீரப்போகிறது, மோட்டார் போட்டு அரை மணி ஆகிவிட்டது, எதிர்வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தார்கள் என்று எதையாவது நினைவு வைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கை ஓய்ந்தாலும் தலை ஓயவில்லை. மில்லில் நான் முப்பது பேரை மேய்த்தவன், வேலு. சாயங்காலம் சைரன் ஊதினால் எல்லாம் என் தலையிலிருந்து இறங்கிவிடும். இங்கே சைரனே இல்லை. பதினொன்றாம் நாள் அவள் வந்து அடுப்பைப் பார்த்து, "இன்னா கோலம் இது" என்றபோது, எனக்கு விடுதலைத் தீர்ப்பு வந்த மாதிரி இருந்தது. ஆனாலும் அன்றைக்கும் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை.

அந்த எக்செல் பற்றி இன்னும் ஒன்று. டே கேர் கட்டணத்தையும் வண்டிச் செலவையும் சங்கீதாவின் சம்பளத்தில் கழித்துக் காட்டி, "மிஞ்சறது ஒண்ணுமில்ல நைனா" என்றாய். நானும் தலையாட்டினேன். மூன்றாவது நடையில், பஸ் நிலையத்துக்கு எதிரே, திடீரென்று நின்றுவிட்டேன். ஏன் அவள் சம்பளத்தில் மட்டும் கழித்தாய்? யாழினி என்ன அவள் மட்டும் ஆசைப்பட்டு வாங்கிய தையல் மிஷினா? உன் சம்பளத்தில் கழித்துப் பார். அவளுடையதைவிட உன்னுடையது குறைவு என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்தத் தாளைத் திருப்பிப் பிடித்தால், வீட்டில் இருக்க வேண்டியவன் நீ என்று வருகிறது. கணக்கு உன்னைக் கைகாட்டியதும் நீ கணக்கை மூடிவிட்டுக் குடத்தைக் கேட்டாய். என் ரத்தம்தான், பரிசோதனை தேவையில்லை. இன்னொன்றும் சொல்கிறேன்: வேலையை விடுகிற ஒரு வருடம் ஒரு வருடத்தோடு நிற்பதில்லை. திரும்பிப் போகும்போது நாற்காலியில் வேறொருவர் இருப்பார், மேஜையில் வேறொரு மிஷின் இருக்கும். அதற்கு உன் எக்செலில் கட்டமே இல்லை.

டே கேர் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் என்னை ஓரிடத்துக்கு அழைத்துப் போனாய். குழந்தைகளை வரிசையாகக் கட்டிப் போட்டிருப்பார்கள், கஞ்சியைக் குழாயில் திறந்துவிடுவார்கள், ஒரு பூதம் பிரம்போடு உலாத்தும் என்றெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்தேன். பார்த்தால் ஒரு வாடகை வீடு, பன்னிரண்டு குழந்தைகள், இரண்டு பெண்கள். நீ மேனேஜரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, செல்வி என்கிற பெண்ணிடம் நான் பேச்சுக் கொடுத்தேன். ஊர் தென்னேரிப் பக்கம். ஒரு குழந்தையை மடியில் வைத்து, இரண்டு குழந்தைகளைப் பக்கத்தில் வைத்து, மூன்றுக்கும் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"உம் புள்ள எங்கம்மா கீது?" என்றேன்.

"அங்கன்வாடில வுட்டுட்டு வரேன் சார். மத்தியானம் எங்க நாத்தனா இட்டுக்கினு பூடும்."

"உம் புள்ளைய அங்க வுட்டுட்டு இங்க வந்து மத்தவங்க புள்ளைய பாக்கறியே, உனக்கு ஒரு மாதிரியா இல்ல?"

அவள் ஒரு குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எம் புள்ளைய வூட்ல பாத்துக்கினு இருந்தப்போ ஒர்த்தரும் ஒண்ணும் கேக்கல சார். இங்க ஒரு நாள் லேட்டா வந்தா பன்னெண்டு வூட்ல இருந்து போன் வருது. அப்பதான் எனக்கே தெரிஞ்சிது, நான் பண்றது வேலைன்னு."

அந்த வாக்கியத்தை எங்கள் ஊர்க் கோயில் சுவரில் வெட்டி வைக்கலாம். செல்வி தன் குழந்தையைப் பார்த்தால் அது ஒன்றுமில்லை. உன் குழந்தையைப் பார்த்தால் அது சம்பளம். ஆள் ஒன்று, கை ஒன்று, பருப்புச் சோறும் அதேதான். ஆகவே டே கேர் பாவமா புண்ணியமா என்று கேட்டு என்னை வம்பில் மாட்டாதே. அங்கே மறுபடி போ. ஒரு பெண்ணுக்கு எத்தனை குழந்தை என்று எண்ணிப் பார். இன்றைக்கு இருக்கிற செல்வி ஆறு மாதம் கழித்தும் இருப்பாளா, அவளுக்கு ஒழுங்காகச் சம்பளம் தருகிறார்களா, அவள் உட்கார்ந்து சாப்பிட நேரம் இருக்கிறதா என்று கேள். பிள்ளை பார்க்கிறவள் நின்றுகொண்டு சாப்பிடுகிற இடத்தில் என் பேத்தியை விடாதே. உன் மாமியார், "பெத்தவ இருக்கச்சே கூலிக்கு ஆள் வெச்சி வளக்கறதா" என்று அழுகிறாரே, அவருக்கு என் மரியாதையான ஒரு கேள்வி: பெற்றவனும்தான் இருக்கிறான், அவனைப் பற்றி ஏன் ஒருவரும் அழுவதில்லை.

புதன்கிழமை மத்தியானம் உன் அம்மாவிடம் சொன்னேன். வாசல் பக்கம் முறம் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நீ போன் செய்ததில் ஆரம்பித்து, நாலு முறை சுற்றி, கடைசியில் சொல்லிவிட்டேன். அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கும், பார்வையிலேயே பிடித்திருப்பாள், சிரித்துவிடுவாள் என்று நான் மனதுக்குள் ஒரு நாடகம் எழுதி வைத்திருந்தேன். அவளுக்குத் தெரியாது. கை நின்றுவிட்டது.

"பத்துலயுமா?"

"பத்துலயும்."

"அப்ப நான் எத எடுத்திருந்தாலும்."

"ஆமா."

தெருவில் மாதா மாதம் நடக்கிற குலுக்கல் சீட்டில், அவள் ஒருநாளும் தன் கையால் சீட்டு எடுத்ததில்லை, கவனித்திருக்கிறாயா? பக்கத்து வீட்டுப் பெண்ணை எடுக்கச் சொல்வாள். உன்னைப் பள்ளியில் சேர்க்கக் குலுக்கல் நடந்தபோது, "நீ போய் எடு, நான் வரல" என்று என்னைத் தள்ளிவிட்டாள். யாழினிக்குப் பேர் வைக்க நாலு பெயர் எழுதிக் கிண்ணத்தில் போட்டு நீட்டினாளே சங்கீதா, அப்போதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அதெல்லாம் அடக்கம் என்று நான் நினைத்திருந்தேன்.

"ராசி கெட்ட கைன்னு முப்பது வருஷமா எங் கைய திட்டிக்கினு கெடந்தேன்" என்றாள் அவள். கீரைப் பச்சை ஒட்டிய கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "கை நல்லாதான் கீது."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். முறத்தைத் தூக்கி என் தலையில் கவிழ்த்திருந்தால் கீரையோடு உட்கார்ந்து கும்பிட்டிருப்பேன். அவள் மறுபடி கீரை உருவ ஆரம்பித்தாள். முழுக்கட்டையும் முடித்தாள். பிறகு, "அவன்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" என்றாள். நான் சொல்கிறேன் என்றேன். "எழுத்துல குடு. வாயால சொன்னா நீ கத வுடுவ." அதற்குப் பிறகு சொன்னதை நீ நிதானமாகப் படி. "நான் பேத்திய பாக்க வருவேன். பாத்துக்க வரமாட்டேன். ரெண்டும் வேற வேற."

அப்போதுதான் எனக்கு இன்னொன்று புரிந்தது. உன் குடத்தில் சங்கீதா பெயரும் உன் பெயரும் மட்டும் இல்லை. எதுவும் சரிவராவிட்டால் அம்மா வந்து பார்த்துக்கொள்வாள் என்று நீ, நான், உன் மாமியார் எல்லோரும் சொல்லாமலே ஒரு சீட்டைப் போட்டு வைத்திருந்தோம். அதிலும் கஸ்தூரி என்றுதான் எழுதியிருந்தது. பஜாரில் புதிதாக லேப் திறந்திருக்கிற பெண், வயதானவர்கள் வீட்டுக்குக் காலையில் போய் ரத்தம் எடுத்து வர ஆள் வேண்டும் என்று உன் அம்மாவை இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "எப்ப கொயந்தைக்கு கூப்டுவாங்களோ" என்று இவள் தள்ளிப் போட்டிருக்கிறாள். எனக்கே நேற்றுதான் தெரியும். திங்கள்கிழமை முதல் போகிறாள். இன்று காலை பயிற்சிக்கு என் கையில் குத்தினாள். நரம்பு ஒரே குத்தில் கிடைத்தது. வேறு காரணத்துக்காகக் குத்தியதாகவும் இருக்கலாம்.

நான் வருகிறேன், வேலு. மதியத்துக்கு மேல் யாழினியை டே கேரிலிருந்து அழைத்துவந்து, நீங்கள் வரும்வரை வைத்துக்கொள்ள ஒரு கிழவன் தேவைப்பட்டால், வார நாட்களில் உங்களோடு தங்குகிறேன். சபதம் எதுவும் செய்யமாட்டேன். என் சபதங்களின் லட்சணம் உனக்கு இப்போது தெரியும். கஸ்தூரியிடம் சொன்னேன். "ஒரு வாரம் தாங்குனா பெருசு. துணி மாத்த தெரியுமா உனக்கு?" என்றாள். தெரியாது. கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை குடம் கொண்டு வரமாட்டேன், சீட்டும் எழுதமாட்டேன். யார் வேலையை விடுவது, யாரும் விடாமல் இருப்பது எப்படி என்பதை நீங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசித்தான் தீர வேண்டும். ஒன்றரை மாதம் பேசிவிட்டோம் என்கிறாய். நீ பேசியிருக்க மாட்டாய். நான் பேசியிருக்க மாட்டேன் என்பதால் சொல்கிறேன்.

இதுவரை உள்ளதன் முதல் பிரதி உன்னிடம் வரவில்லை. நேற்று நீ வேலைக்குப் போயிருந்தபோது, வாலாஜாபாத் போய் அங்கிருந்து பஸ் மாறி உன் வீட்டுக்கு வந்து, சங்கீதாவின் கையில் கொடுத்தேன். கஸ்தூரி லேபுக்குப் போகிற செய்தியையும் என் கையில் குத்திய கதையையும் இன்று காலைதான் சேர்த்தேன். மற்றதெல்லாம் அவள் படித்தாயிற்று. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபடியே படித்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மாமா, சீட்ட உங்களையே எழுதிட்டு வரச் சொன்னாராமே. அவருக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"எனக்குத் தெரியலம்மா" என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன மிக நேர்மையான பதில் அது.

கடிதத்தை மடித்துக் குழந்தையின் துணிப் பையில் வைத்தாள். "நான் படிச்சேன்னு அவர்கிட்ட சொல்லாதீங்க மாமா. அவரா வந்து சொல்றாரா பாக்கறேன்" என்றாள். சரி என்று தலையாட்டினேன். முப்பது வருடம் ஒரு ரகசியத்தைப் பூட்டி வைத்த தலை, நம்பத்தக்கது என்று அவளும் நினைத்திருப்பாள். ஊர் வந்து சேரும்வரை அது என்னை அரித்தது. மறைத்து வைத்துத்தான் உன் அம்மாவை முப்பது வருடம் கெடுத்தேன். அதே வேலையை நல்ல காரணத்துக்காகக்கூட இன்னொரு முறை என்னால் செய்ய முடியவில்லை. ஆகவே அவளிடம் போனில் சொல்லிவிட்டேன், உனக்கும் சொல்லப்போகிறேன் என்று. "சரி மாமா. அப்பவும் அவரா வாயத் தெறக்கறாரா பாக்கணும்ல" என்றாள்.

பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும் படிப்பாய். இந்த வரிக்கு வரும்போது உன் நிறுத்தம் நெருங்கியிருக்கும். அவள் கதவைத் திறந்து, ஒன்றும் தெரியாதவள் போல டீ போடட்டுமா என்று கேட்பாள். டீ ஆகும்வரை காத்திருக்காதே. இறங்கு.